எந்தச் சகோதரனை நம்புவது?



வீடியோ கேம் என்ற சொல்லைக் கேட்டவுடனே நம் இல்லங்களில் பெற்றோரின் முகம் மாறிவிடுகிறது. துப்பாக்கியும் இரத்தமும், விடிய விடிய விழித்திருக்கும் பிள்ளையுமே அவர்கள் கண்முன் நிற்கின்றன. அந்தப் பயம் ஆதாரமற்றதென்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் எல்லா விளையாட்டுகளையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவது நியாயமாகாது. வேலையும் பயணமும் போக மாலையில் ஒரு மணி நேரமே மிஞ்சுகிற, விளையாட்டுகளில் பழக்கமில்லாத ஒருவர், தம் குடும்பத்தாரோடு அமர்ந்து ஆடத்தக்க ஒரு மர்மக் கதையைக் குறித்து இம்மாதம் எழுத விரும்புகிறேன். அதன் பெயர் ‘மிஸ்ட்’.

1993ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அமெரிக்காவில் மெக்கின்டாஷ் கணினிக்காக வெளிவந்தது இது. ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்னும் இரு சகோதரர்கள், வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரை அடுத்த தங்கள் சிறிய ‘சையான்’ நிறுவனத்தில் இதை உருவாக்கினார்கள். அவர்கள் ஒரு பிரசங்கியாரின் பிள்ளைகள். மூத்தவரான ராண்ட் முன்னர் ஒரு வங்கியில் கணினி நிரல் எழுதும் பணியில் இருந்தவர். அதுவரை அவர்கள் செய்தவை யாவும் சிறுவர்களுக்கானவை. பெரியவர்களை மனதில் கொண்டு செய்த முதல் விளையாட்டு இதுவே. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்று, 2002இல் ‘சிம்ஸ்’ முந்தும்வரை கணினி விளையாட்டுகளில் மிக அதிகம் விற்றது என்ற பெயரை அது தக்கவைத்திருந்தது.

ஆளரவமற்ற ஒரு தீவில் நீங்கள் வந்து சேருகிறீர்கள். ஏன் வந்தீர்கள், என்ன செய்யவேண்டும் என்று சொல்வார் ஒருவருமில்லை. மரப்பலகைத் துறை, அதனருகே மூழ்கிக் கிடக்கும் கப்பல், மேட்டின்மேல் பெரும் பற்சக்கரங்கள், ஒரு கோளரங்கம், ஒரு நூலகம். முதற்பதிப்பில் எல்லாம் அசையாத படங்களே. ஏறக்குறைய 2,500 படங்கள். ஓரிடத்தைச் சொடுக்கினால் அடுத்த படம் வரும். எதிரி இல்லை, எண்ணிக் குறையும் கடிகாரமும் இல்லை. அடுப்பில் பால் பொங்கினால் எழுந்து போகலாம். திரும்பி வரும்போது தீவு விட்ட இடத்திலேயே காத்திருக்கும். பழகாதவருக்கு இதைவிடப் பெரிய சலுகை வேறில்லை.

அசையாத படத்துக்கு உயிர் கொடுப்பது ஓசை. கொதிகலனில் எரியும் நெருப்புக்காக உண்மையான நெருப்பைப் பதிவு செய்து பார்த்தபோது அது நெருப்பைப்போல் ஒலிக்கவில்லையாம். பிறகு கல் பரப்பிய பாதையில் வாகனத்தை மெதுவாக ஓட்டி அந்த ஓசையை எடுத்தார்கள். இசை கவனத்தைச் சிதறடிக்கும் என்று முதலில் தயங்கிய ராபினே பின்னர் இசையமைத்தார்.

இனி மர்மத்துக்கு வருவோம். புல்தரையில் ஒரு சிறு கடிதம் கிடக்கிறது. ஆட்ரஸ் என்னும் ஒரு தந்தை தம் மனைவி காத்தரினுக்கு எழுதியது. தீவிலுள்ள குறிவிசைகள் எத்தனை என்று எண்ணி, அந்த எண்ணைத் துறையருகே உள்ள அறையின் கருவியில் இட்டால், தாம் விட்டுச்சென்ற செய்தியைக் காணலாம் என்கிறார். எண்ணினால் போதும், ஒரு சிறு பிள்ளையும் செய்துவிடும். ஆனால் எண்ணுவதற்குத் தீவு முழுவதையும் நடந்தாகவேண்டும். நடந்து முடிக்கையில் தீவு உங்களுக்குப் பழகியிருக்கும். நல்ல ஆசிரியர் முதற்பாடம் நடத்துகிற விதம் இது.

அந்தச் செய்தியைக் கவனமாகக் கேட்கவேண்டும். நூலகத்துப் புத்தகங்களை யாரோ அழித்துவிட்டார்கள். செய்தவன் தம் இரு குமாரரில் ஒருவன் என்று தந்தை வருந்துகிறார். அக்கனார்மேல்தான் சந்தேகம் என்கிறார். உடனே, அவசரப்பட்டு முடிவு செய்யலாகாது என்று தமக்குத்தாமே சொல்லிக்கொள்கிறார். சில நொடிகளே ஓடும் பேச்சு. அதைக் கேட்டபின் ஆடுகிறவர் எவரும் வெறும் மனதோடு நூலகத்துக்குள் நுழைவதில்லை. அக்கனார் வாய் திறக்குமுன்னரே அவன்மேல் ஒரு கறை விழுந்துவிடுகிறது. இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில், எது உடைந்தாலும் எந்தப் பெயர் முதலில் அழைக்கப்படுகிறது என்பது அந்தந்த வீட்டாருக்குத் தெரியும்.

நூலகத்தில் சிவப்புப் புத்தகம் ஒன்றும் நீலப் புத்தகம் ஒன்றும் இருக்கின்றன. சிவப்பில் சிரஸ் அடைபட்டிருக்கிறான், நீலத்தில் அக்கனார். தொடக்கத்தில் இருவர் முகமும் தெளிவாயில்லை. பேச்சும் கரகரப்பில் மறைந்து துண்டு துண்டாகக் கேட்கிறது. தீவிலிருந்து நான்கு வேறு உலகங்களுக்கு வழி உண்டு. ஒவ்வொன்றிலும் புத்தகங்களின் காணாமற்போன பக்கங்களில் சிவப்பில் ஒன்றும் நீலத்தில் ஒன்றும் மறைந்துள்ளன. கொண்டுவந்து சேர்க்கச் சேர்க்க உருவம் தெளிகிறது, சொற்கள் கூடுகின்றன. இருவரும் சொல்வது ஒன்றே: குற்றவாளி நான் அல்ல, அவன். சிரஸ் நாகரிகமாக, தாழ்ந்த குரலில் பேசுகிறான். அக்கனார் கண்களை உருட்டிச் சிரிக்கிறான், பதறுகிறான். படம் எடுத்தபோது சிரஸாக நடித்தவர் ராபின். அக்கனாராகவும் தந்தையாகவும் நடித்தவர் ராண்ட். உடன்பிறந்த இருவர் ஒருவர்மேல் ஒருவர் பழிபோடும் காட்சியில் தாங்களே தோன்றியிருக்கிறார்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டுமே கையில் எடுக்கமுடியும். ஆகவே ஒவ்வோர் உலகிலும் கேள்வி எழுகிறது: எந்தப் பக்கத்தை முதலில் எடுப்பது? பலர் பதில் தெரிந்தவர்போல ஒரே நிறத்தையே எடுத்துக்கொண்டு போவார்கள். மற்றதற்காக அதே புதிர்வழியே மறுபடி போய்வருவது சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் அந்தச் சலிப்புக்கு இடங்கொடுத்தால் ஒருவன் மட்டுமே வாயார வழக்காட, மற்றவன் கரகரப்பிலேயே கிடப்பான். அப்படி ஒரு தரப்பை மட்டும் கேட்டு எழுதப்படும் தீர்ப்பு எத்தகையதாயிருக்கும்!

நாவை நம்பாதவர் அறைகளைப் பார்க்கவேண்டும். சகோதரர் இருவரும் அந்த உலகங்களில் வாழ்ந்த அறைகள் அப்படியே இருக்கின்றன. ஒருவனுடைய அறையில் ஆடம்பரமும் செல்வமும் குவிந்திருக்கும். மற்றவனுடைய இடத்தில் வதைக் கருவிகள் இருக்கும். இழுப்பறைகளைத் திறந்து பாருங்கள். மறைவான அறைகளையும் தேடுங்கள். தந்தை எழுதிவைத்த குறிப்பேடுகளையும் வரிவிடாமல் வாசியுங்கள். அவை ஆங்கிலத்தில் உள்ளன. பள்ளியில் ஆங்கிலம் கற்கும் பிள்ளை உரக்க வாசித்து, பாட்டிக்குத் தமிழில் சொல்லட்டும். பாட்டி சொல்லும் சந்தேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிப் பக்கம் கையில் வரும்போது தவறானவனிடம் அதைக் கொடுத்தால், ஆடுகிறவரே புத்தகத்துக்குள் அடைபட்டுப் போவார். முடிவை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

சொல்லிவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். உண்மையில் இறுதித் திறவுகோல் இன்னதென்று தெரிந்தவர், நான்கு உலகங்களில் ஒன்றையும் எட்டிப்பாராமல் சில நிமிடங்களில் ஆட்டத்தை முடித்துவிடலாம். விடை வெளிப்படையாகவே தீவில் வேலை செய்கிறது; அதைக் கேட்க எந்தக் காவலும் இல்லை. கைபேசியில் தேடினால் கண நேரத்தில் கிடைத்தும்விடும். அப்படி முடித்தவருக்குச் சிரஸ் யார், அக்கனார் யார் என்பதுகூடத் தெரிந்திருக்காது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் வந்த புதிய பதிப்பில் புதிர்களின் விடைகளை மாற்றியமைக்கும் வசதி இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் ஊரார் எழுதிவைத்த விடைகள் உதவா. தேடிப் பார்க்கும் சோதனை உள்ள வீடுகளுக்கு அதையே பரிந்துரைக்கிறேன்.

எல்லாப் புதிர்களும் சிறந்தவை என்று நான் வாதாடமாட்டேன். விண்கலத்துக்குள் ஒரு சுரப்பலகை உண்டு. கேட்ட சுரங்களை நினைவில் வைத்து மீண்டும் பொருத்தவேண்டும். இசைக்காது இல்லாதவருக்கு அது கொடுமை. ஆராதனையில் கீபோர்டு வாசிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அன்றைக்கு அவனே தலைவன். இன்னொன்று, நிலத்தடிச் சிக்கல்வழி. திசையை ஓசையால் மட்டுமே அறியவேண்டும். அந்த ஓசைகளின் பொருள் வேறோர் உலகின் கருவியில் ஒலிக்கிறது. யோசனை அழகானதுதான், ஆனால் வழி அளவுக்கு மீறி நீள்கிறது. அங்கே மட்டும் பிறரிடம் குறிப்புக் கேட்டால் நான் குறை சொல்லமாட்டேன்.

வதைக் கருவிகளைச் சொன்னேன். ஆகையால் சிறு குழந்தைகளைத் தனியே விடவேண்டாம். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் பெரியவர்களோடு அமரலாம். விளையாட்டு முதலில் விற்கப்பட்டபோது பெட்டிக்குள் எழுதாத குறிப்பேடு ஒன்றும் வைத்துக் கொடுத்தார்கள். இப்போது அது வருவதில்லை. கடையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். எண்களை ஒருவர் எழுதட்டும், வரைபடத்தை இன்னொருவர் போடட்டும். கடைசிப் பக்கத்தை எடுக்குமுன் ஒவ்வொருவரும் தாம் நம்பும் சகோதரனின் பெயரைத் தனித்தனிச் சீட்டில் எழுதி மடித்து வையுங்கள். ஒருவரையும் நம்பாதவர் வெறுஞ்சீட்டைப் போடலாம்.