அப்பாருவுக்கென ஒரு காலை

அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்றால் ஆல்பம், வீடியோ, ட்ரோன் எல்லாம் சேர்த்து விலை சொல்கிறோம். விழா நாயகரைத் தனியாக உட்கார வைத்து ஒரு நல்ல படம் எடுக்க மட்டும் நம் விலைப்பட்டியலில் இடமில்லை. பிறகு ஒருநாள் துக்க வீட்டிலிருந்து ராத்திரியில் போன் வரும். ஏதோ ஒரு குரூப் போட்டோவிலிருந்து முகத்தை வெட்டி, தோள்மேல் கிடக்கும் பக்கத்து ஆளின் கையை அழித்து, ஃபிளெக்ஸுக்கும் ஹால் சுவருக்கும் கொடுக்கிறோம். துடியலூர் சுற்றுவட்டாரத்தில் தோட்டங்கள் மனைகளாகிக்கொண்டிருக்கின்றன. பெரியவர்களை அவர்கள் தோட்டத்திலேயே நிதானமாக எடுப்பதைத் தனி வேலையாகவே நாம் ஏற்க வேண்டும்.

நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். மேலைநாட்டுப் புத்தகங்கள் சொல்லும் மாலைப் பொன்வெயில் இங்கே அவ்வளவு நேரம் நிற்காது. 11 பாகை அட்சத்தில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. மேற்கே குருடிமலைத் தொடர் வேறு இருப்பதால், காலண்டரில் போட்ட அஸ்தமனத்துக்கு முன்பே மலையடியில் வெயில் போய்விடும். தடாகம், பன்னிமடைப் பக்கம் பொழுது சாய்ந்தால் யானை நடமாட்டமும் உண்டு. வயதானவர்களை அங்கே இருட்டும் வரை வைத்திருக்கக் கூடாது. ஆகவே காலை 7 மணிக்கு மேல் எட்டரைக்குள். வீட்டின் மேற்குப்புற நிழலில், மலையைப் பார்த்தபடி உட்கார வைத்தால் திறந்த வானத்தின் மென்மையான வெளிச்சம் முகம் முழுக்கக் கிடைக்கும். வடக்குச் சுவரோரம் எப்போதும் நிழல் என்ற கணக்கை நம்ப வேண்டாம்: ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் கடைசி வாரம் வரை உச்சிவெயில் நமக்கு வடக்கே நிற்கும். தென்னந்தோப்பும் வேண்டாம். கீற்று வழியே வெயில் திட்டுத்திட்டாக விழும், வெள்ளை வேட்டியில் பச்சை ஏறும்.

கயித்துக் கட்டில் பார்க்க அழகுதான். ஆனால் நடுவில் தொய்ந்து தோளைக் குவித்துவிடும். எழ முட்டி விடாது. கை வைத்த மர நாற்காலி போதும். சர்க்கரை மாத்திரை போடுபவரின் டிபன் நேரம் நமக்காகத் தள்ளிப்போகக் கூடாது. காது மந்தமானவரை 85 எம்எம் லென்ஸ் தூரத்திலிருந்து கூப்பிட்டால் கத்த வேண்டியிருக்கும், அவர் முகமும் இறுகும். பேத்தி கேமராவை ஒட்டி உட்கார்ந்து பேசட்டும். கண் கூசுகிறவருக்கு முன்னால் தெர்மாகோல் பிடிக்க வேண்டாம். மடியில் கிடக்கும் வேட்டியே தாடைக்கு அடியில் வெளிச்சம் தரும். கண்ணாடி பளபளத்தால் அதன் காதுப் பக்கத்தைச் சற்று உயர்த்திவிடுங்கள்.

"சிரிங்க" என்று சொல்லாதீர்கள். கிணற்றில் கவலை இறைத்த கதையைக் கேளுங்கள்; கையும் சேர்ந்து பேசத் தொடங்கும், அந்தக் கைகளையும் எடுங்கள். 19ஆம் நூற்றாண்டில் படம் பதிய நொடிக்கணக்கில் அசையாமலிருக்க வேண்டியிருந்தது, தலைக்குப் பின்னால் இரும்புத் தாங்கி வைத்தார்கள். 1/250 நொடியில் எடுக்கும் நாம் இன்னும் முழங்காலில் கையைப் பதிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

உடுப்பை வீட்டார் முடிவு செய்ய விடாதீர்கள். புதுப்பட்டும் தலைச்சாயமும் ஏற்றிக் கொண்டுவந்து நிறுத்தினால் அந்த அம்மாவுக்கே தன்னை அடையாளம் தெரியாது. பின்கொசுவச் சேலையும் தோளில் துண்டும் அவர்கள் உடம்போடு பழகியவை. சுருக்கத்தை மழுக்குவதும் கையிலுள்ள பச்சைக்குத்தை அழிப்பதும் தவறு, வீட்டார் கேட்டாலும் தவறுதான்.

"என்ன கண்ணு, இப்பவே எதுக்குப் போட்டோ?" என்று பல பெரியவர்கள் கேட்பார்கள். எதை நினைத்துக் கேட்கிறார்கள் என்பது நமக்கும் புரியும். சமாதானம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாரத்துக்குள் அச்சிட்ட படத்தை அவர் கையிலேயே கொடுங்கள். மகன் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவது அதற்கு ஈடாகாது.

வரும் தை முதல், அறுபதாம் கல்யாண ஆர்டர் பிடிக்கும்போதே விழாவுக்கு ஒரு வாரம் முன்பாக 'தோட்டத்தில் ஒரு காலை' என்று தனி வரியாக, தனி விலையோடு எழுதிக் கொடுங்கள். 12×18 அளவு மேட் பிரிண்ட் ஒன்றும் அந்த விலைக்குள்ளேயே அடங்கட்டும்.