குழந்தையின்மை: அவருக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?

கல்யாணமாகி இரண்டாவது ஆடிப்பூரம் வந்துவிட்டால் போதும். தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரும் சொந்தபந்தம் அந்த வீட்டு மருமகளிடம் கேட்கும் முதல் கேள்வி, 'ஏதும் விசேஷம் உண்டா?' அடுத்த ஆடிப்பூரத்துக்குள் அவர் மதுரைக்குப் பஸ் ஏறியிருப்பார். ஸ்கேன், ஹார்மோன் டெஸ்ட், கருக்குழாய் எக்ஸ்ரே, மாதாமாதம் மாத்திரை. பக்கத்தில் ராஜபாளையத்திலும் இதே கதைதான். கணவர்? ''அவனுக்கு என்ன, நல்லாத்தானே இருக்கான்'' என்று மாமியார் அந்தப் பேச்சை அதோடு முடித்துவிடுவார்.

மருத்துவம் சொல்லும் கணக்கு வேறு. குழந்தைக்காகச் சிகிச்சை தேடும் தம்பதிகளில் கிட்டத்தட்ட பாதிப்பேரில் ஆணிடமும் ஒரு காரணம் இருக்கிறது. சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்ற பழமொழியிலும் விரதம் இருப்பது பெண்தானே!

இத்தனைக்கும் இருக்கும் பரிசோதனைகளிலேயே எளிதானதும் செலவு குறைவானதும் விந்தணுப் பரிசோதனைதான். ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை. 2 முதல் 7 நாள்கள் உறவைத் தவிர்த்துவிட்டு சாம்பிள் கொடுத்தால் போதும். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். ஒரு மில்லிலிட்டரில் 1.6 கோடி அணுக்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கீழ் எல்லை. ஒரு ரிசல்ட் குறைவாக வந்தால் பதற வேண்டாம். காய்ச்சல் வந்து போனாலே எண்ணிக்கை குறையும். சில வாரங்கள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

விதைப்பைக்கு உடல் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவான சூடு தேவை. பால்கோவா அடுப்பின் முன் நாள் முழுக்க நிற்பவர், வெல்டிங் வேலை பார்ப்பவர், லாரி ஓட்டுபவர் எல்லாம் தங்கள் வேலையை டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது. புகை, மதுவையும் சேர்த்துத்தான். ஜிம்மில் உடம்பு ஏற்றப் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை மட்டும் பலர் மறைத்துவிடுகிறார்கள். 'ஆண்மை ஊசி' என்று நம்பிப் போடும் அதுதான் விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் மீண்டும் உற்பத்தியாகும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும்.

விதைப்பை நரம்புகள் புடைத்துக்கொள்ளும் வெரிக்கோசீலுக்கு அறுவை சிகிச்சை உண்டு. விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதங்கள் ஆவதால், பலன் தெரிய மூன்று மாதங்களாவது காத்திருக்க வேண்டும். விந்தில் அணுவே இல்லை என்று ரிப்போர்ட் வந்தாலும் கதை முடிந்துவிடாது. பாதையில் அடைப்பு இருந்தால், விதையிலிருந்தே ஊசி மூலம் அணுவை எடுத்து, கருமுட்டைக்குள் செலுத்தும் 'இக்ஸி' முறை 1992 முதல் உலகெங்கும் பயன்படுகிறது.

பெண்களுக்கு, நீர்க்கட்டிப் பிரச்னை என்றால் எடைக் குறைப்பும் கருமுட்டை வளர மாத்திரையும்தான் முதல் படி. எண்டோமெட்ரியோசிஸ், சில வகைக் கட்டிகளுக்கு லேப்ராஸ்கோப்பி. நம் நாட்டில் கருக்குழாய் அடைபட காசநோய் ஒரு முக்கியக் காரணம். இருமலே இல்லாமலும் அது கர்ப்பப்பையைத் தாக்கும். குழாய் இரண்டும் அடைபட்டிருந்தால் ஐ.யு.ஐ. செய்து பயனில்லை, ஐ.வி.எஃப். பக்கம்தான் போக வேண்டும்.

தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை 1990-ல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜின் சிகிச்சையில் பிறந்தது. இன்று ஊருக்கு ஊர் ஐ.வி.எஃப். மையங்களின் இலவச முகாம் போஸ்டர்கள். 2021-ம் ஆண்டுச் சட்டப்படி மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும்; பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயது வரைதான் அனுமதி. 'எத்தனை பேருக்குக் கரு தங்கியது' என்பதைவிட, 'என் வயதில் எத்தனை பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போனார்கள்' என்று கேட்பதே சரியான கேள்வி.

35 வயதைத் தாண்டினால் கருமுட்டையின் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறையும். அதனால் 35-க்குள் இருப்பவர்கள் ஓராண்டும், தாண்டியவர்கள் ஆறு மாதங்களும் முயன்ற பிறகு டாக்டரைப் பார்க்கச் சொல்கிறார்கள். மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. மனைவிக்கு ஸ்கேன் எடுக்கும் அதே வாரத்தில் கணவரும் லேபுக்குப் போய்விட்டால், மதுரைக்கு ஏறும் முதல் பஸ்ஸிலேயே இரண்டு ரிப்போர்ட்டும் கையில் இருக்கும்.