ஏற்காடு: ஏரி இங்கே, காடு எங்கே?

ஏரியும் காடும் சேர்ந்ததுதான் ஏற்காடு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சேலத்துக்காரர்கள் அதில் ஏரியை மட்டும் வைத்துக்கொண்டு காட்டைக் கழற்றிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மேலே போய், படகு விட்டு, லேடீஸ் சீட்டில் நின்று போட்டோ எடுத்து, பஜ்ஜி தின்றுவிட்டு இறங்குகிறவர், "காட்டுக்குள்ள போய்ட்டு வந்தோம்" என்கிறார். எந்தக் காட்டுக்குள்ள?

மேலே அவர் பார்த்த பச்சையில் பெரும்பங்கு காபித் தோட்டம். வெள்ளைக்காரன் காலத்தில், 1820களில், சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த பயிர் என்பார்கள். நிழலுக்கும் மிளகுக்கொடிக்கும் வரிசையாக நிற்கிற சில்வர் ஓக், ஆஸ்திரேலியா மரம். தோட்டம் தப்பில்லை, காபியும் நல்ல காபிதான். ஆனால் அது காடு இல்லை. (இந்தப் பக்கம் சோளம் விதைக்கிற மேட்டு நிலத்துக்கும் காடு என்றுதான் பேர். அந்தக் கணக்கில் சரி!)

நிஜமான காடு அடிவாரம் செக்போஸ்ட் தாண்டியதுமே ஆரம்பித்துவிடுகிறது. கீழே முள்புதர், அப்புறம் மூங்கில், இலையுதிர் மரங்கள். காட்டெருமை திரிகிற மலை. 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பாட்டை அலறவிட்டுக்கொண்டு அதைக் கடந்துவிடுகிறார்கள். மார்ச், ஏப்ரலில் போனால் இன்னும் மோசம்: "எல்லாம் கருகிக் கெடக்குது, ஒண்ணுமில்ல." கருகவில்லை ஐயா. தண்ணீர் இல்லாத மாதங்களில் இலையைக் கொட்டி ஈரத்தை மிச்சம் பிடிப்பதுதான் அந்த மரங்களின் பிழைப்பு.

வண்டியை நிறுத்துவது குரங்குக்கு சிப்ஸ் போட மட்டும். வனத்துறை பலகை பக்கத்திலேயே இருக்கும், யார் படிக்கிறார்கள்? காட்டுப் பழத்தைத் தின்று விதையைப் பரப்ப வேண்டிய குரங்கு, ரோட்டோரம் கையேந்தி, டயருக்கடியில் சாகிறது.

திருமணிமுத்தாறு இந்த மலையில்தான் பிறக்கிறது. சேலத்துக்குள் சாக்கடையாகி, நாமக்கல் மாவட்டம் வழியாகக் காவிரியில் சேர்கிறது. ஊருக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைத் தாண்டுகிறவருக்கு, அதன் தலைமாட்டில் கோடையில் ஒரு சிகரெட் துண்டை வீசினால் என்ன ஆகும் என்ற யோசனையே கிடையாது. மழைநீரைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அந்தச் சரிவில் நிற்கிற மரமும் சருகும்தான்.

"உள்ள விடமாட்டேங்கறாங்களே" என்பது ஒரு பதில். அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. தேனி குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் காட்டுத்தீயில் செத்தார்கள். அதற்குப் பிறகு கெடுபிடி வந்தது சரிதான். 2024இல் அரசே 'டிரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை வழிகாட்டியோடு திறந்தது. ஆனால் கட்டணம்! பெங்களூர் ஐடி பையனுக்கு அது காசே இல்லை. மலையை வகுப்பறை ஜன்னலிலிருந்து பார்த்தே வளர்கிற கோரிமேட்டுப் பிள்ளைக்கு? மாவட்டத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் வருஷத்தில் ஒரு நாளாவது காசு வாங்காமல் அந்தச் சரிவில் நடத்திக் கூட்டிப்போக வனத்துறைக்கு என்ன கஷ்டம்? மலர்க் கண்காட்சிக்குச் செலவழிக்க மட்டும் வருஷா வருஷம் மனசு வருகிறதே.

அதுவரை, குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குப் போகிறவர்கள் கூண்டுக்கு வெளியேயும் கொஞ்சம் பார்க்கலாம். அந்தப் பூங்கா இருப்பதே சேர்வராயன் மலை அடிவாரக் காட்டில்தான்.