மலையைக் குடைந்தெடுத்த கல்

சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்ட் அடித்தளச் சுரங்கப்பாதை என்றதும் எல்லோரும் 57 கிலோமீட்டர் நீளத்தையும், 2016இல் ஓடத் தொடங்கிய ரயில்களையும்தான் பேசுகிறார்கள். எனக்கோ உள்ளேயிருந்து வெளியே வந்த பாறையின்மேல்தான் கண். ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம் டன்! ஆல்ப்ஸின் குறுகிய பள்ளத்தாக்குகளில் அதை எங்கே கொட்டுவது? சுவிஸ் பொறியாளர்கள் குடையத் தொடங்குமுன்பே இந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். குடையும் இயந்திரம் கக்கும் கல் நல்ல ஜல்லியாக வந்து விழுவதில்லை. தட்டையாக, நீளநீளச் சில்லுகளாக, ஏராளமான தூளோடு வரும். போதாததற்குக் காக்காப்பொன் (மைக்கா) வேறு. அந்த மினுமினுப்பான ஏடுகள் மணலில் மிகுந்தால் கான்கிரீட் கூடுதலாகத் தண்ணீர் கேட்கும், வலுவும் குறையும். அதனால் உடைத்து, சலித்து, கழுவி, தரம் பார்த்துத் தேறியதை மட்டும் எடுத்தார்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அதே சுரங்கத்தின் கான்கிரீட்டுக்கே ஜல்லியும் மணலுமாயிற்று. ஆற்றுப்படுகையைச் சுரண்டியோ புதிதாக ஒரு குன்றை உடைத்தோ கொண்டுவர வேண்டிய பொருள் அல்லவா அது! தேறாத கல்லிலும் ஒரு பகுதி ஊரி ஏரிக்குப் போனது. பல பத்தாண்டுகள் சரளை அள்ளியதால், அந்த ஏரியில் கலக்கும் ரோய்ஸ் ஆற்றின் கழிமுகத்தில் கரையோர ஆழமற்ற பகுதி கரைந்து போயிருந்தது. அங்கே கல்லைக் கொட்டிச் சிறு தீவுகளை எழுப்பினார்கள். சில பறவைகளுக்கு, சில நீந்த வருபவர்களுக்கு. சுரங்கம் தோண்டும் எந்த நாட்டிலும், கல்லைச் சோதிக்கும் செலவை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். லாரிகள் புறப்பட்ட பிறகு அது வெறும் குப்பைக் கணக்காகிவிடுகிறது.