சீத்தா விதையும் பேன்சீப்பும்

கொட்டாரம் ஊரில் எந்தத் திண்ணையில் கேட்டாலும் பேனுக்கு மருந்து சொல்ல ஆள் உண்டு. சீத்தாப்பழ விதையை அரைத்துத் தேய்க்கச் சொல்வார் ஒருவர், தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சச் சொல்வார் இன்னொருவர். மண்ணெண்ணெய் என்பவரும் இல்லாமல் போகவில்லை. பெரியவர்கள் தலையில் இவை எப்படியோ ஒப்பேறிவிடுகின்றன. இரண்டு வயதுப் பிள்ளையின் தலை என்றால் கணக்கே வேறு. தலைப்பேன் நோயைப் பரப்புவதில்லை. டைபஸ் காய்ச்சலைப் பரப்புவது துணியில் குடியிருக்கும் உடற்பேன். தலைப்பேனால் வருவது அரிப்பும் தூக்கக்கேடும், சொறிந்த இடத்தில் புண்ணும்தான். இவ்வளவு சிறிய தொல்லைக்கு அதைவிடப் பெரிய ஆபத்தை விலையாகக் கொடுக்கலாமா?

சீத்தா விதைப் பொடி கண்ணில் பட்டுக் கருவிழியின் மேல்தோல் உரிந்து, தாங்க முடியாத வலியோடு வந்தவர்களை நம் நாட்டுக் கண் மருத்துவர்கள் ஆய்விதழ்களில் பதிவு செய்திருக்கிறார்கள். தலையில் எதைத் தேய்த்தாலும் அடுத்த நொடி அந்தக் கையால் கண்ணைக் கசக்குவது சிறு பிள்ளையின் இயல்பு. கசக்காதே என்று சொல்லிக் கேட்கும் வயதும் அல்ல. கற்பூரம் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும்; வாய்க்குள் போனால் சில நிமிடங்களில் வலிப்பு வரக்கூடும். மண்ணெண்ணெய்க்குத் தோல் எரிச்சல் போக, தீப்பிடிக்கும் பயமும் உண்டு. இயற்கைப் பொருளில் தீங்கில்லை என்பார்கள். அரளி விதையும் இயற்கைதானே! அதற்காகக் கடை மருந்தெல்லாம் உத்தமம் என்றும் இல்லை. பேனுக்கும் சொறிக்கும் பல ஆண்டுகள் விற்ற லிண்டேன் நரம்பைத் தாக்கும் நஞ்சு. கலிபோர்னியா 2002-இலேயே அதை மருந்தாக விற்பதைத் தடுத்தது. வயலுக்கே ஆகாது என்று ஒதுக்கப்பட்ட பூச்சிக்கொல்லி, பிள்ளையின் உச்சந்தலைக்கு எப்படி ஆகும்?

மிஞ்சுவது பேன்சீப்பு. பாட்டிமார் ஈருளியும் கையுமாக உட்கார்ந்தது வெறும் பொழுதுபோக்கு அல்ல; பேனின் வாழ்க்கைக் கணக்கு அதில் இருக்கிறது. ஈர் பொரிய ஏழு முதல் பத்து நாள். பொரிந்த குஞ்சு வளர்ந்து ஈர் வைக்க மேலும் ஒன்பது நாளாவது ஆகும். நான்கு நாளைக்கு ஒருமுறை ஈரத்தலையை அடிமுடியிலிருந்து நுனிவரை வாரினால், பொரிந்த குஞ்சு முட்டையிடும் முன்பே சீப்பில் சிக்கிவிடும். இரண்டு வாரத்தில் நான்கு முறை, அவ்வளவுதான். தேங்காயெண்ணெய் பேனைக் கொல்லும் என்று நம்பவேண்டாம். முடி இழுபடாமல் சீப்பு வழுக்கிப்போக உதவும், அதுவே பெரிய காரியம். சீப்பால் முழுதாகப் போகுமா என்று கேட்பது நியாயமே. பிரிட்டனில் 2000-இல் வெளிவந்த ஆய்வொன்றில் வாரியவர்களில் 38 விழுக்காட்டினருக்கே பேன் நீங்கியது. மாலத்தியான் மருந்து பூசியவர்களில் 78. ஆனால் சீப்பைத் திருத்தி 2005-இல் செய்த ஆய்வில் வாரியவர்களில் 57 விழுக்காடும், கடை மருந்தை ஒரே முறை பூசியவர்களில் 13 விழுக்காடும் குணமடைந்தார்கள். சீப்பின் பல் எவ்வளவு நெருக்கம், வாருபவர் எவ்வளவு பொறுமை என்பதிலும் இருக்கிறது வித்தியாசம். சிறு பிள்ளையின் முடி குட்டை, மெலிசு. வாருவதற்கு இதைவிட எளிய தலை வீட்டில் வேறில்லை.

முந்திரி ஆலைக்குப் போய்த் திரும்பும் தாய்க்கு இதற்கெல்லாம் நேரம் எங்கே என்ற கேள்வியைத் தட்டிவிட முடியாது. அந்த வேலை தாய்க்கு மட்டும் எழுதிவைத்ததல்ல, அப்பனும் வாரலாம். மொட்டை அடித்துவிட்டால் தீர்ந்தது என்பதும் உண்மைதான், பேன் பற்றிக்கொள்ள முடி இருக்காது. நேர்ச்சை இருந்தால் இரட்டைப் பலன். சீப்புக்கு அடங்காவிட்டால் 1 விழுக்காடு பெர்மெத்ரின் மருந்து இருக்கிறது. இரண்டு மாதம் கடந்த குழந்தைக்கு மருத்துவர் சொல்படி பூசலாம்; பத்து நிமிடத்தில் அலசி, ஒன்பதாம் நாள் மறுபடி பூசவேண்டும். சொறிக்கு விற்கும் 5 விழுக்காட்டுக் களிம்பு வேறு, மருந்துக்கடையில் பார்த்து வாங்கவேண்டும். அலசும்போது தலையை முன்னால் சாய்த்து, தண்ணீர் உடம்பில் வழியாமல் அலசுவது நல்லது.

சின்னவனுக்கு மட்டும் வாரிப் பயனில்லை. பேனுக்குத் தாவவோ பறக்கவோ தெரியாது, தலையோடு தலை ஒட்டும்போது ஊர்ந்து போகும். அவனைக் கட்டிக்கொண்டு தூங்கும் அக்காவின் இரட்டைப் பின்னலையும் அன்றைக்கே அவிழ்த்துப் பார்க்கவேண்டும்.