புதிய ஓடைகளில் டிரவுட் மீன் விடுவது பற்றி எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

நீலகிரி மேட்டுப் பிரதேசத்தில் இதுவரை டிரவுட் மீன் நுழையாத சோலை ஓடைகளிலும் குஞ்சுகளை விட்டு, தூண்டில் விளையாட்டையும் சுற்றுலாவையும் ஒருங்கே வளர்க்கலாம் என்னும் யோசனை அவ்வப்போது பிரஸ்தாபிக்கப்படுவதாலும், தூண்டிற்காரர்களாகிய எங்கள் ஆதரவு அதற்குக் கேட்காமலே கிட்டும் என்று பலர் எண்ணுவதாலும், எங்கள் அபிப்பிராயத்தை எழுத்தில் வைப்பது கடமையாகிறது. புதிய ஓடை எதிலும் டிரவுட் விடலாகாது. அது ஏற்கெனவே வாழும் நீர்களில், செயற்கை ஈயைக் கட்டி வீசும் ஈத்தூண்டில் ஒன்றே, அதுவும் அளவறிந்து, அனுமதிக்கப்பட வேண்டும். பொரிப்பகத்தின் மீது காட்டும் சிரத்தையில் பெரும்பகுதியை இனி ஓடைகளின் மீதும், அவை பிறக்கும் புல்வெளிகளின் மீதும் திருப்ப வேண்டும்.

இந்த மீன் இம்மலைக்கு உரியதன்று. 1863-இல் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே டிரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவர எடுத்த பிரயத்தனம் பலிக்கவில்லை. அவருக்குப் பின் வேறு சிலரும் முயன்ற பிறகு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான், சென்னை மாகாண அரசின் மீன்வள நிபுணராயிருந்த எச். சி. வில்சனின் முயற்சியாலும் அவலாஞ்சியில் அமைந்த பொரிப்பகத்தாலும், வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளைத் தாயகமாகக் கொண்ட வானவில் டிரவுட் இங்கே வேரூன்றியது. பின்னர்க் குந்தா மின்திட்டத்தின் அணைகள் எழுந்தபோது அவற்றின் குளிர்ந்த நீர்த்தேக்கங்களும் அதற்கு இடமளித்தன. நூறாண்டுக்கு மேலாக இங்கே வாழ்ந்துவிட்ட ஜீவனை அடியோடு ஒழிக்க வேண்டுமென்று நாங்கள் கோரவில்லை. அதனால் எங்களுக்குக் கிடைத்த இன்பத்தை மறைக்கவும் இல்லை. ஆயினும், ஓர் ஊரில் குடியிருக்க உரிமை பெற்றவனுக்கு அவ்வூர் முழுவதும் பாத்தியதை உண்டாகிவிடாது.

நூறாண்டில் வராத தீங்கு இனியா வரப்போகிறது என்று கேட்பவர்களுக்குக் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் நடந்ததைச் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். அங்கே உச்சி மலை ஏரிகள் பலவற்றில் ஆதியில் மீனே கிடையாது. தூண்டிற்காரர்களின் பொழுதுபோக்குக்காக அவற்றில் டிரவுட் விடப்பட்டது. தலைப்பிரட்டைகள் மீனுக்கு இரையாகவே, அம்மலைக்கே உரிய மஞ்சட்கால் தவளை ஏரிக்கு ஏரி அருகிப்போயிற்று. ஆராய்ச்சியாளர்கள் சில ஏரிகளில் வலை கட்டி டிரவுட்டை அகற்றியபோது, அந்த ஏரிகளில் தவளைகள் மீண்டும் பெருகின. ஏரியில் வலை கட்டியாவது மீனை அகற்றலாம். பாறை இடுக்கும் வேர்ப்பொந்தும் நிறைந்த சோலை ஓடையிலிருந்து விட்ட மீனைத் திரும்ப எடுப்பது ஏறக்குறைய அசாத்தியம். உலகில் வேறெங்கும் இல்லாத தவளை இனங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் இத்தகைய ஓடைகளிலே முட்டையிட்டு வாழ்கின்றன என்பதை அறிந்த பின்னும், மீளாத பரீட்சை ஒன்றை அவற்றின் மீது நடத்த எங்கள் மனச்சாட்சி இடந்தரவில்லை.

இனி, குஞ்சு விட்டால்தான் மீன் பெருகும் என்னும் நம்பிக்கையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் மாடிசன் ஆற்றின் ஒரு பகுதியில் பொரிப்பக மீன் விடுவதை நிறுத்திப் பார்த்தபோது அங்கே இயற்கையாகப் பிறந்த டிரவுட்டின் தொகை கூடியது. அருகிலுள்ள ஓடெல் ஓடையில் புதிதாக விட்டுப் பார்த்தபோதோ அது குறைந்தது. இந்த ஆய்வின் பயனாக, 1974-இல் அம்மாநிலம், டிரவுட் தானாகவே பெருகும் ஆறுகளில் பொரிப்பக மீன் விடும் வழக்கத்தைக் கைவிட்டது. மீனைப் பெருக்குவது நல்ல ஆறே என்பது அங்கே கிடைத்த பாடம்.

நல்ல ஆறு என்பது யாது? 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை உஷ்ணமுள்ளதும் பிராணவாயு மிகுந்ததுமான ஓட்டம் டிரவுட்டுக்கு உகந்தது. 20 டிகிரியைக் கடந்தால் அது சோர்கிறது. 25-ஐ எட்டினால் உயிருக்கே ஆபத்து. பெண்மீன் வாலால் சரளைக் கற்களை விலக்கிப் பள்ளம் பறித்து, முட்டையிட்டு, மறுபடியும் கற்களால் மூடுகிறது. கல்லிடுக்கில் நீர் ஓடிக்கொண்டிருக்கும்வரையில் முட்டை உயிரோடிருக்கும். மேலே சரிவில் உழுத காய்கறித் தோட்டத்திலிருந்து ஒரு மழைக்குக் கரைந்துவரும் சேறு அந்த இடுக்குகளை அடைத்துவிட்டால், எத்தனை குஞ்சுகளைக் கொண்டுவந்து கொட்டினாலும் அந்த ஓடை தானாக ஒரு மீனையும் ஈனாது. நீர்வரத்தின் கதையும் இத்தகையதே. நீலகிரியின் கிளென்மார்கனில் புல்வெளியில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டு ஆராய்ந்தபோது, முதற் பத்தாண்டிலேயே நீர்வரத்து சராசரி 16 சதவீதம் குறைந்தது. புல்லும் சோலையும் சேர்ந்து மழையைப் பிடித்துவைத்துக் கோடையிலும் சிறிது சிறிதாக விடுவதாலேதான் இந்த ஓடைகள் வற்றாமல் இருக்கின்றன. சீகை (வாட்டில்) மரமும் கற்பூர மரமும் புல்வெளியை விழுங்கிய இடத்தில் ஓடையும் மெலிகிறது, தவளையும் மீனும் சேர்ந்தே நலிகின்றன.

ஈத்தூண்டிலை மட்டும் ஏற்பதற்கும் காரணம் உண்டு. புழுவை இரையாக வைத்தால் மீன் அதைத் தொண்டைக்குள் விழுங்கிவிடுவது சகஜம். அப்படி விழுங்கியதை விடுவித்தாலும் பெரும்பாலும் பிழைப்பதில்லை. இறகும் நூலும் சுற்றிய செயற்கை ஈயோ சாதாரணமாக உதட்டிலேயே பற்றும். அந்த ஈக்குச் சொல்லத்தக்க கனமில்லை; கனமெல்லாம் தடித்த நூலில் இருக்கிறது. கோலைப் பின்னுக்கு வீசி, நூல் முதுகுக்குப் பின்னே முழுதும் நீளும்வரை கணநேரம் பொறுத்து, பிறகு முன்னுக்கு வீசுகிறவனுக்கே ஈ நீர்மேல் மெல்ல இறங்கும். ஓட்டத்துக்கு எதிர்முகமாய் நின்று, நூல் ஈயை இழுக்காதபடி, அது இயற்கையான பூச்சியைப் போல மிதந்துவர விடுவது இக்கலையின் சாரம். எந்த மடுவில் எந்தப் பூச்சி எப்பொழுது சிறகு பெற்று மேலெழுகிறது என்பதை அறியாமல் இதில் தேர்ச்சி பெற முடியாதாகையால், நல்ல தூண்டிற்காரன் நாளடைவில் ஓடையின் நோயையும் முதலில் உணர்கிறவனாகிறான். அந்த அறிவுக்கு ஏற்ற பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம்.

ஆகவே எங்கள் சங்கம் பின்வருமாறு தீர்மானிக்கிறது:

1. டிரவுட் இல்லாத எந்த ஓடையிலும் அதை விடும் திட்டத்தை, யார் கொண்டுவந்தாலும், எதிர்ப்போம். வரையாட்டின் புகலிடமான முக்கூர்த்தி தேசியப் பூங்காவைத் தூண்டிலுக்குத் திறந்துவிடும்படி ஒருபோதும் கேட்கமாட்டோம்.

2. அனுமதியுள்ள நீர்களில் எங்கள் உறுப்பினர்கள் எதிர்முள் நசுக்கப்பட்ட ஒற்றை முள்ளையே பயன்படுத்துவர். விடுவிக்கும் மீனை நனைந்த கையால் மட்டுமே தொட்டு, நீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி, ஓட்டத்தை நோக்கி முகம் இருக்குமாறு தாங்கி, அது தானே நீந்திப் போகும்வரை பொறுத்திருப்பர்.

3. நீரின் உஷ்ணம் 20 டிகிரியை எட்டினால் அன்றைய தூண்டில் முடிந்தது. முட்டையிடும் பருவத்தில் சரளைப் படுகைகளில் கால் வைப்பதும் கூடாது.

4. ஓர் ஓடையில் நனைந்த காலணியையும் வலையையும் நன்கு காயவைக்காமல் அடுத்த ஓடைக்குக் கொண்டுபோகலாகாது. மீனின் நோயும் தவளையின் நோயும் ஈரத்தோடு பரவக்கூடியவை.

5. புல்வெளிகளிலிருந்து சீகையை அகற்றி அதன் நாற்றுகள் மறுபடி தலையெடுக்காமல் ஆண்டுதோறும் பிடுங்குவதற்கும், ஓடைக்கரையில் உழாமல் ஒரு பட்டை நிலத்தைப் புல்லுக்கு விடும் விவசாயிகளுக்கு இழப்பீடு தருவதற்கும் அரசு நிதி ஒதுக்க வேண்டும். நாற்றுப் பிடுங்கும் வேலைக்கு எங்கள் உறுப்பினர்கள் ஊதியமின்றி வருவார்கள்.

சுற்றுலாவால் பிழைப்போரின் நலனை நாங்கள் மறக்கவில்லை. இருக்கும் நீர்கள் செழித்தால் வழிகாட்டிகளுக்கும் விடுதிகளுக்கும் வேலை நிலைக்கும். கெட்டுப்போன நீர்களை விட்டுப் புதியவற்றைத் தேடிப் போவதானால் அந்த வருமானமும் சில ஆண்டுகளில் தீரும். மேற்கண்ட விதிகள் எங்கள் உறுப்பினர் அனைவரையும் இன்று முதல் கட்டுப்படுத்தும்; மீறுகிறவர் எவ்வளவு மூத்தவராயினும் உறுப்புரிமை இழப்பார்.