கடிகாரம் அறியாத மேலறை

பேஸ்மேக்கர் பொருத்தி நான்கு ஆண்டுகளான முதிய தாயார் ஒருவர், அண்மையில் எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு மருமகளுடன் வந்திருந்தார். வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய ஸ்மார்ட் கடிகாரத்தில் காலையும் மாலையும் இ.சி.ஜி. எடுத்து, அதனை ஒரு நோட்டில் தேதிவாரியாகக் குறித்திருந்தனர். மூன்று வாரங்களாக ஒவ்வொரு வரியிலும் ‘சீரான துடிப்பு’ என்றே இருந்தது. ஆகவே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நீங்கிவிட்டதென்று முடிவு செய்து, இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையைப் பத்து நாள்களாக நிறுத்திவிட்டனர்.

பேஸ்மேக்கரைப் பரிசோதித்தபோது, அந்தக் கோளாறு சற்றும் குறையாமல் தொடர்ந்திருப்பது தெரிந்தது. மாத்திரையை அன்றே மீண்டும் தொடங்கினோம். நற்பேறாகத் தீங்கு ஏதும் நேரவில்லை.

கடிகாரம் பொய் சொல்லவில்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்குகின்றன. அங்கே தேங்கும் இரத்தம் உறைந்து, அக்கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் ஏற்படும். பேஸ்மேக்கரோ கீழறையைச் சீரான இடைவெளியில் துடிக்கச் செய்துகொண்டிருக்கிறது. வீட்டுக் கருவி பெரிதும் கணக்கிடுவது இந்தக் கீழறைத் துடிப்புகளின் இடைவெளியைத்தான். எனவே அது வழங்கிய ‘சீரானது’ என்ற நற்சான்று பேஸ்மேக்கரின் உழைப்புக்கு உரியது. மேலறையைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. மாத்திரை வேண்டுமா, வேண்டாமா என்பதை அந்தத் திரையைப் பார்த்து ஒருபோதும் தீர்மானிக்கலாகாது.

இதற்கு நேர்மாறாக, வீணே அஞ்சி நள்ளிரவில் ஓடி வருவோரும் உளர். பேஸ்மேக்கர் செலுத்தும் மின்துடிப்பு ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே நீடிப்பது. வீட்டுக் கருவிகள் பலவற்றின் பதிவில் அது தென்படுவதே இல்லை. அதனால் தூண்டப்பட்ட துடிப்பின் அகன்ற வடிவம் மட்டும் பதிவாகி, கருவி அதனை இயல்புக்கு மாறானதென்றோ வகைப்படுத்த இயலாததென்றோ காட்டக்கூடும். சில கருவிகளின் கையேட்டிலேயே பேஸ்மேக்கர் உள்ளோருக்கு அவை உரியவையல்ல என்று அச்சிட்டிருக்கிறார்கள். பொடி எழுத்தில் உள்ள அந்த வரியை வாங்குமுன் யார் படிக்கிறார்கள்?

ஆயினும் இக்கருவிகளை அறவே ஒதுக்க வேண்டும் என்னும் கருத்து எங்களுக்கு உடன்பாடன்று. படபடப்போ தலைச்சுற்றலோ வரும் அந்த நிமிடத்தில் எடுத்த பதிவு எங்களுக்குப் பயன்படுவதுண்டு. கருவியின் தீர்ப்பை விடுத்து, பதிவையும் நேரத்தையும் உணர்ந்த தொல்லையையும் கொண்டு வாருங்கள். பேஸ்மேக்கருக்குள்ளும் நிகழ்வுகள் பதிவாவதால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க இயலும். நலமாக இருக்கையில் நாளுக்குப் பத்து முறை எடுப்பது அச்சத்தையே வளர்க்கிறது என்பது எங்கள் அனுபவம்.

எங்கள் பக்கமும் ஒரு குறை உண்டு. ஒவ்வொரு பேஸ்மேக்கருக்கும் குறைந்தபட்சத் துடிப்பு எண் ஒன்றை நாங்கள் அமைக்கிறோம். பலருக்கு அது நிமிடத்திற்கு 60. சிலருக்கு உறக்க நேரத்தில் மட்டும் 50 என்றும் அமைப்பதுண்டு. இதனை நோயாளியிடம் சொல்லாமலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிறகு அவர் இரவில் 50 என்ற எண்ணைக் கண்டு பதறினால் அவரை எப்படிக் குறை சொல்வது? விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் இரத்த அழுத்தக் கருவியும் வேறொரு குழப்பம் தரும். முன்கூட்டியே வரும் வலுவற்ற துடிப்புகளை அவை எண்ணாமல் விடுவதால், இதயம் 70 முறை துடிக்கையில் 35 என்று காட்டிவிடலாம். அத்தகைய நேரத்தில் இ.சி.ஜி. பதிவே உண்மையைக் காட்டும். ஆனால் விழித்திருக்கையில் அமைத்த எண்ணுக்குக் கீழே துடிப்பு மீண்டும் மீண்டும் காணப்பட்டால், காரணத்தை நீங்களே ஊகிக்காமல் எங்களை அழையுங்கள்.

கடிகாரத்தின் பட்டையிலும் மின்னேற்றியிலும் சில கைப்பேசிகளிலும் காந்தம் இருக்கிறது. அவற்றைப் பேஸ்மேக்கரிலிருந்து 15 செ.மீ. தள்ளியே வையுங்கள், மேல்சட்டைப் பையில் கைப்பேசி வேண்டாம். உடற்கொழுப்பை அளக்கும் வசதி உடலினூடே சிறு மின்னோட்டத்தைச் செலுத்துவதால், கடிகாரத்திலாயினும் எடை இயந்திரத்திலாயினும் அதனைப் பயன்படுத்தாதீர்கள்.

மயக்கம், மயங்கி விழுவது போன்ற உணர்வு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் கோணுதல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று நேர்ந்தால், திரையில் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். பதிவெடுக்கக் காத்திருக்க வேண்டாம். வரும்போது பேஸ்மேக்கர் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். உங்களுக்கு அமைத்த குறைந்தபட்ச எண் எது என்பது தெரியாவிடில், அடுத்த பரிசோதனையின்போது எங்களிடம் கேட்டு, அந்த அட்டையுடன் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.